“ஓரிரு இடங்களில் மழை” என்கிறார்களே, அந்த ஓரிரு இடம் எது? குறுவை அறுத்துவிட்டுக் கேட்கிறேன்

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.40

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீடாமங்கலம் பக்கம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், குறுவை நெல் போட்டிருந்தேன். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் மணி நன்றாகக் காய்ந்திருக்கும், நானும் விடுவதாகத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை போனில் ஒரு முன்னறிவிப்பு வருகிறது: டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மிதமான மழைக்கு வாய்ப்பு, மூன்று நாளைக்கு. போன வருஷம் தண்ணீரில் படுத்த பயிரை அறுத்த அனுபவம் இருக்கிறதே, அந்தப் பயத்தில் ஓடிப்போய் அறுப்பு மெஷினைப் பிடித்தேன். ஊரே அன்றைக்குத்தான் பிடித்தது. டயர் வண்டி கிடைக்கவில்லை, செயின் வண்டிதான், மணிக்கு 500 ரூபாய் கூடுதல். ராத்திரி பதினொன்றரைக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் அறுத்து முடித்தோம்.

கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்த்தால் 21 சதவீதம். 17-க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அது தெரிந்த கதைதான். ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கிறேன், நாலு நாளாக வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடிக்கிறது. எங்கள் ஊரில் ஒரு பொட்டு விழவில்லை. கொரடாச்சேரியில் அக்கா வீட்டு வாசலில் வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீர் நின்றதாம். சரி, ஓரிரு இடம் என்றால் எந்த இடம் என்று சொல்ல மாட்டார்களா? இதற்கு நானே சொல்லிவிடுவேனே, புரட்டாசியில் எங்காவது பெய்யும் என்று.

கடைமடைக்காரன் | ஞாயிறு, இரவு 9.58

அப்படிக் கேளுங்கண்ணே. தலைஞாயிறில் இருந்து நானும் கையைத் தூக்குகிறேன். வானிலை மையத்து ரமணன் சார் டிவியில் வந்த காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் லீவு என்று குதிக்கும், அப்பா தார்ப்பாயைத் தேடுவார். அவர் ஓய்வு பெற்று 2016-லேயே போய்விட்டார். ‘வாய்ப்பு’ என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. பெய்தால் “சொன்னோமே”, பெய்யாவிட்டால் “வாய்ப்பு என்றுதானே சொன்னோம்”. நமக்கும் இப்படி ஒரு வேலை கிடைத்தால் தேவலை.

எட்டரைமணி | ஞாயிறு, இரவு 10.45

தம்பிகளா, நான் வானிலை நிலையத்தில் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்றவன். காலை 8.30-க்கு மழைமானியை அளந்தே ஆயுசு போனதால்தான் இந்தப் பெயர். திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“ஓரிரு இடங்களில்” என்பது வாய்க்கு வந்த வார்த்தை இல்லை, அதற்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரைக்கும் மழை பதிவாகும் என்றால் ஓரிரு இடங்கள். கால்வாசியைத் தாண்டிப் பாதி வரை என்றால் சில இடங்கள். பாதிக்கு மேல் முக்கால் வரை பல இடங்கள், அதற்கும் மேலே பெரும்பாலான இடங்கள். அதேபோல மிதமான மழை என்றால் 15.6 மி.மீ. முதல் 64.4 வரை. 64.5-ல் கனமழை, 115.6-ல் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. எல்லாமே காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையான கணக்கு.

ஆகவே செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வந்த செய்தியை நான் படித்திருந்தால், நாலில் மூன்று ஊர் நனையாது என்று படித்திருப்பேன். கொரடாச்சேரி நனைந்ததும் உங்கள் ஊர் காய்ந்ததும் சேர்ந்துதான் அந்த முன்னறிவிப்பு. உங்கள் நஷ்டம் நஷ்டம்தான், அதை இல்லை என்று சொல்லவில்லை.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 11.02

ஐயா, நாலில் மூன்று ஊர் நனையாது என்பதை அப்படியே தமிழில் எழுதி அனுப்பியிருந்தால் நான் மெஷினைப் பிடித்திருக்கவே மாட்டேன். இத்தனை வருஷமாக இந்த வார்த்தையை டிவியில் கேட்கிறேன், இதற்கு ஒரு அளவு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரியும். இது யார் குற்றம்?

எட்டரைமணி | ஞாயிறு, இரவு 11.10

அது எங்கள் பக்கத்துக் குற்றம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

மேகம்_பார்ப்பவள் | திங்கள், காலை 7.15

கும்பகோணத்துப் பெண், இப்போது வளிமண்டல அறிவியல் ஆய்வு மாணவி. ஐயா சொன்னதற்கு மேல் கொஞ்சம்.

அண்ணா, உங்களை ஏமாற்றியது வெப்பச்சலன மழை. எங்கள் துறையில் இருப்பதிலேயே பிடி கொடுக்காத சமாச்சாரம் அதுதான். புரட்டாசியில் பகலெல்லாம் மேற்கே இருந்து காய்ந்த காற்று வருகிறது, தரை சூடாகிறது. மத்தியானத்துக்கு மேல் கடலில் இருந்து ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலே தூக்கப்பட்டு மேகம் கிளம்புகிறது. முட்டல் இன்றைக்கு நடக்கும் என்று காலையிலேயே சொல்லிவிடலாம். நீடாமங்கலத்திலா கொரடாச்சேரியிலா என்று கேட்டால், அது அன்றைக்கு எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது, எது காய்ந்து கிடக்கிறது, பக்கத்து மேகம் கொட்டி ஓய்ந்தபோது அதன் குளிர்காற்று எந்தப் பக்கம் தள்ளியது என்பதை எல்லாம் பொறுத்தது. ஒரு மேகத்தின் ஆயுசே ஒரு மணி நேரம்தான்.

கணினி மாதிரி, அதாவது மாடல், என்கிறார்களே, அது நாட்டையே சதுரம் சதுரமாக வெட்டி ஒவ்வொரு சதுரத்துக்கும் கணக்குப் போடுவது. 2025 மே மாதம் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் ஒரு சதுரம் 6 கிலோமீட்டர். அதற்கு முன்னால் 12. உங்கள் ஊரும் அடுத்த இரண்டு ஊரும் அந்தக் கணினிக்கு ஒரே புள்ளி. அந்த மேகமோ அந்தப் புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும் அளவு.

ஆனால் மேகம் கிளம்பிவிட்டால் ரேடார் பார்த்துவிடும். காரைக்காலில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. ரேடார் கதிர் போகப் போக உயரே ஏறும், பூமி வளைவதால். 200 கிலோமீட்டருக்கு அப்பால் போனால் தரையில் இருந்து 4 கிலோமீட்டர் உயரத்தில்தான் பார்க்க முடியும், கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. சென்னை ரேடாரை மட்டும் நம்பியிருந்தால் டெல்டாவுக்கு அந்தக் கதிதான். காரைக்காலில் இருந்து நீடாமங்கலம் 50 கிலோமீட்டர் அளவுதான், நன்றாகவே தெரியும். அதை வைத்துத்தான் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு தருகிறார்கள். செவ்வாய்க்கிழமைச் செய்தியைப் பார்த்து மெஷினைப் பிடிப்பதைவிட, நெல் களத்தில் இருக்கும்போது மத்தியானம் மூன்று மணிக்கு ரேடாரைப் பார்த்துத் தார்ப்பாய் போடுவது நிச்சயமாகப் பலன் தரும்.

குத்தாலத்தான் | திங்கள், காலை 8.05

பாப்பா சொல்வது சரியாக இருக்கலாம். எனக்கு 74 வயது. தட்டான் தாழப் பறந்தால், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால், தவளை கத்துகிற தினுசு மாறினால் மழை. எந்தச் சதுரமும் இல்லாமல் எங்கள் அப்பா விதை விட்டார், நாற்றுப் பறித்தார். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சொல்லி வைத்ததும் நம்ம ஆட்கள்தானே.

மேகம்_பார்ப்பவள் | திங்கள், காலை 8.30

தாத்தா, ஐப்பசி கார்த்திகை கணக்கை யாரும் அசைக்க முடியாது, வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். தட்டானையும் நான் கேலி செய்ய மாட்டேன், காற்றில் ஈரம் ஏறும்போது சின்னப் பூச்சிகள் கீழே இறங்கும், அதைப் பிடிக்கத் தட்டானும் இறங்கும் என்பார்கள். ஆனால் தட்டான் இந்தச் சாயங்காலத்துக்குத்தான் சொல்லும். வியாழக்கிழமைக்கு உரம் போடலாமா என்று அதனிடம் கேட்க முடியாதே.

குத்தாலத்தான் | திங்கள், காலை 8.41

அது சரி.

மழைவெறியன் | திங்கள், காலை 10.20

எதற்கு இவ்வளவு சுற்று? அரசாங்க ஆபீஸை விட்டுவிட்டு யூடியூபில் சொல்கிறவர்களைப் பாருங்கள். ஊர் பெயரோடு, இத்தனை மணிக்கு என்று சொல்கிறார்கள். நான் மூன்று வருஷமாக அதைத்தான் பார்க்கிறேன்.

எட்டரைமணி | திங்கள், காலை 11.30

பார்க்கலாம், தப்பே இல்லை. அவர்களில் சிலர் ரொம்ப நன்றாகப் படிக்கிறார்கள், ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி பேசுகிறார்கள், அதை எங்கள் ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் பார்ப்பது எது? அதே ஐரோப்பிய மாதிரி, அதே அமெரிக்க மாதிரி, அதே காரைக்கால் ரேடார் படம். அந்த மாதிரிகளுக்குச் சோறு போடுவது யார் என்று சொல்லட்டுமா?

விடியற்காலை நாலரைக்கு எழுந்து பலூன் ரூமுக்குப் போவேன். செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும், உள்ளே ஹைட்ரஜன். பலூனை நிரப்பினால் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும், கயிற்றின் நுனியில் டீ டம்ளரைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவிப் பெட்டி. வாடைக் காற்று அடிக்கும் நாளில் அதை வெளியே கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், கண்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்த மாதிரி இழுக்கும். விட்டால் சர்ரென்று மேலே. 30 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் வெப்பம், ஈரம், அழுத்தம் என்று வழி நெடுக அனுப்பிக்கொண்டே போய், காற்று லேசாகி லேசாகிப் பலூன் ஊதிப் பெரிதாகி வெடிக்கும். உலகம் முழுக்க நம்ம நேரம் காலை 5.30, மாலை 5.30 என்ற கணக்கில் இதே வேலை. காரைக்காலிலும் விடுகிறார்கள், சென்னையிலும் விடுகிறார்கள். தீபாவளி, பொங்கல், புயல் எதற்கும் விடுப்பு கிடையாது. யூடியூப் தம்பியின் போனுக்கு வரும் வண்ணப் படத்தில் அந்தப் பலூனும் இருக்கிறது.

அக்கரைப்பேட்டை_ஃபைபர்போட் | திங்கள், மாலை 4.10

நிலத்துக்காரர்கள் பேசும்போது கடல்காரன் நுழையக் கூடாதா என்ன.

எங்களுக்கு மழை பொருட்டே இல்லை, காற்றுதான். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டால் டோக்கன் கிடையாது, போட் கரையில் கிடக்கும். அப்படி அறிவித்த நாட்களில் கடல் குளம் மாதிரி கிடந்ததும் உண்டு. அன்றைக்கு யார் எங்களுக்குக் கூலி தருவது? திட்டியிருக்கிறேன், நிறையவே திட்டியிருக்கிறேன். அப்புறம் 2017-ல் ஒக்கி வந்தது. குமரிக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே நாளில் புயலாகிவிட்டது. நவம்பர் 30. அதற்கு முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குச் செய்தி சொல்லக்கூட வழியில்லை, எத்தனையோ பேர் வரவே இல்லை. அதில் இருந்து காற்று சொன்னபடி வரவில்லை என்றால் முனகிக்கொண்டே வலையைப் பின்னப் போய்விடுவேன்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, சின்ன வயசில் அதைப் பார்க்க சைக்கிளில் போவோம். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ இருக்கிறது. பத்தாம் எண் ஏற்றினால் ஊரே வாயைத் திறக்காது.

கடைமடைக்காரன் | திங்கள், இரவு 8.15

கஜாவுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 15 ராத்திரி, விடிந்தால் 16. ஓட்டு வீடு, அம்மாவைக் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்துவிட்டு நானும் தம்பியும் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றோம். ஒரு கட்டத்தில் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில் கரையைக் கடக்கும் என்றார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது சார்! கடைசியில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில், அதாவது எங்கள் தலைக்கு மேலே. ஒரு வாரத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் தென்னையை என்ன செய்திருக்க முடியும் என்று கேட்காதீர்கள், ஒன்றும் செய்திருக்க முடியாதுதான். இருந்தாலும் கேட்கிறேன்.

மேகம்_பார்ப்பவள் | திங்கள், இரவு 9.30

கேட்க வேண்டிய கேள்விதான் அண்ணா. புயல் பாதையை ஒரு நாள் முன்னால் கணிக்கும்போதே சராசரியாக 75 கிலோமீட்டர் அளவுக்குப் பிசகு வரும், அதுவும் முந்தைய காலத்தைவிட நிறையக் குறைத்த பிறகு. 75 என்றால் நாகைக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள நேர்த்தூரம் கிட்டத்தட்ட. நாள் கூடக் கூடப் பிசகும் கூடும். அதனால்தான் வரைபடத்தில் பாதையை ஒரு கோடாகப் போடாமல் புனல் மாதிரி விரித்துப் போடுகிறார்கள். டிவியில் அதன் நடுக்கோட்டை மட்டும் காட்டி “இந்த ஊரைத் தாக்கும்” என்று அலறுவதைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும்.

இன்னொன்று. புயல் என்று பெயர் வைத்துவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று நினைக்கிறோம். அந்தத் தரவரிசை முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துப் போட்டது. மணிக்கு 31 கிலோமீட்டர் தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ல் புயல். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அதற்கு என்ன பெயர்? ஒரு பெயரும் இல்லை. அது வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம் என்ற நிலையைக்கூட எட்டவில்லை. 2020 டிசம்பரில் புரெவி வலுவிழந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டபோது அது மன்னார் வளைகுடாவில் போய் நகராமல் உட்கார்ந்துகொண்டது, டெல்டாவில் வெள்ளம். நகராமல் நிற்பதுதான் மழைக்கு மோசம்.

எட்டரைமணி | திங்கள், இரவு 10.05

சீர்காழி 44 செ.மீ. என்பதை நம்ம கணக்கில் சொல்கிறேன், கேளுங்கள். 1 செ.மீ. மழை என்றால் ஒரு மா நிலத்தில் 13,000 லிட்டருக்கு மேல். 44 செ.மீ. என்றால் ஒரு மாவுக்கு 5 லட்சத்து 80 ஆயிரம் லிட்டருக்குக் குறையாது. வடிகால் எல்லாம் தூர்ந்து கிடக்கும் ஊரில் அது எங்கே போகும்.

எங்களிடம் இருந்த மழைமானியில் உள்ளே இருக்கும் பாட்டில் 4 லிட்டர் பிடிக்கும், அதாவது 20 செ.மீ. அதற்கு மேல் பெய்தால் வழிந்துவிடும். பெருமழை ராத்திரியில் அப்சர்வர் தூங்கக் கூடாது, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவில் போய் அளந்து ஊற்றிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். ஒருமுறை அப்படி அளக்கும்போது வழுக்கி விழுந்து அளவுக் குடுவையை உடைத்துவிட்டேன். அரைப் பாட்டில் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு, மூடியைக் கையால் பொத்தியபடி, ஸ்டோர் ரூமில் இருந்து புதுக் குடுவை வரும் வரை மழையிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கடைமடைக்காரன் | செவ்வாய், காலை 6.50

எல்லாம் சரி ஐயா, உழைப்பு தெரிகிறது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பலூன், ரேடார், 6 கிலோமீட்டர் சதுரம் எல்லாம் வந்தாயிற்று. கடைசியில் என் கையில் கிடைப்பது ‘வாய்ப்பு’ என்ற ஒரு வார்த்தை. வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் வேளாண் வானிலை ஆலோசனை போடுகிறார்கள், நல்ல விஷயம். அதை எங்கள் மண்ணுக்கு, எங்கள் பயிர் இருக்கும் நிலைக்குப் பிரித்துச் சொல்லத்தான் 2018-ல் இருந்து நாடு முழுக்க மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் தொடங்கினார்கள். அவற்றை 2024-ல் மூடியும்விட்டார்கள். சூப்பர் கம்ப்யூட்டருக்குப் பணம் இருக்கிறது, அதை வயலுக்குக் கொண்டுவந்து சொல்கிற ஆளுக்குப் பணம் இல்லையா?

மேகம்_பார்ப்பவள் | செவ்வாய், காலை 9.20

இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா, உங்கள் கட்சிதான் நானும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐரோப்பிய வானிலை மையம் ஒரே நாளின் வானிலையை 51 விதமாகக் கணக்குப் போடுகிறது, ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி. 51-ல் 13 மழை காட்டினால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த எண்ணை ‘வாய்ப்பு உண்டு’ என்று வார்த்தையாக்கும்போதுதான் உங்களுக்கு வேண்டியது தொலைந்துபோகிறது. எண் கையில் இருந்தால் நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள். தார்ப்பாய் வாடகை 800 ரூபாய், நனைந்தால் போகிற நெல் 40,000 ரூபாய் என்றால், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் தார்ப்பாய் எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். அதே நாலில் ஒரு பங்குக்காகப் பச்சையாக நிற்கிற கதிரை ராத்திரியோடு ராத்திரியாக அறுக்கலாமா என்றால், நெல் சாயாமல் நிற்கும்போது, ஒரு சாயங்கால மழைக்கு வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி மூன்று நாள் அடைமழை என்று சொன்னால் கதையே வேறு, அப்போது அறுத்துவிடுங்கள்.

வெண்ணாற்றங்கரை | செவ்வாய், மாலை 6.30

இதைத்தான் பாப்பா போன செவ்வாய்க்கிழமை எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். வெப்பச்சலன மழைக்கு ஒரு முடிவு, கடல் மழைக்கு ஒரு முடிவு. எனக்கு இரண்டும் ஒரே மழையாகத்தான் காதில் விழுந்தது. நெல் இன்றைக்கு 17.2-க்கு இறங்கியிருக்கிறது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் காயவைத்துவிட்டுக் கொண்டுபோகிறேன். கொள்முதல் நிலையத்தில் பிசகு கிசகு எல்லாம் பேச முடியாது.

ஐயா, வீட்டிலேயே மழை அளக்க ஏதாவது வழி இருக்கிறதா?

எட்டரைமணி | செவ்வாய், இரவு 7.05

இருக்கிறது. அடியில் இருந்து வாய் வரைக்கும் ஒரே அகலமாக இருக்கும் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வாய் குறுகினால் கணக்கு தப்பும். மரம், கூரை எதுவும் பக்கத்தில் இல்லாமல் திறந்த இடத்தில் நிறுத்துங்கள், கீழே இருந்து தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழாத உயரம். காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். ஸ்கேலில் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மி.மீ. மழை. பெய்யாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும், அதை விட்டால் உதை.

வெண்ணாற்றங்கரை | வெள்ளி, காலை 8.52

நெல் புதன்கிழமையே போய்விட்டது, எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு தெற்கே கறுத்தது. ரேடாரில் மன்னார்குடிப் பக்கம் சிவப்பாக ஒரு கட்டி, எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாமா நெல் களத்தில் கிடந்தது, ஓடிப்போய்ச் சொல்லித் தார்ப்பாய் போட்டோம். அவர் நம்பாமல்தான் போட்டார். இருபது நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது.

இன்றைக்குக் காலை 8.30: எங்கள் வீட்டு டப்பா 23 மி.மீ. அக்கா வீட்டிலும் ஒரு டப்பா வைக்கச் சொல்லியிருந்தேன். கொரடாச்சேரி 0.